கூடாரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ்

கடைக்குள் கால் வைத்ததும் என் கணவர் மிஜ்பில் நேராகப் போய், இருப்பதிலேயே பெரிய ஃபிரிட்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். விட்டால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரி. எண்பது லிட்டர், இரண்டு மூடி, அடியில் சக்கரம். ஒரு முழு ஆட்டை வெட்டி உள்ளே அடுக்கலாம். நான் வாசல் பக்கமே நின்று, தரையில் ஓரமாகக் கிடந்த பதினெட்டு லிட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு வருடமாக எங்கள் இருவருக்கும் ஒரே கடையில் ஒரே பொருள் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

கடைக்கார ரகப் எகிப்துக்காரர். வாய் ஓயாது.

"பாஷாவோட கண்ணு சரியான எடத்துலதான் போய் நின்னிருக்கு. ஜீப் பேட்டரியிலயே ஓடும். மைனஸ் இருபது வரைக்கும் போகும். பாலைவனத்துக்கு நடுவுல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்புடலாம்."

மைனஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நான் வாசலை விட்டு உள்ளே வந்தேன்.

"உறையாத ஃபிரிட்ஜ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

ரகப் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹாஜ்ஜா, பன்னெண்டு வருஷமா இந்தக் கடையில நிக்கிறேன். நல்லா உறையணும்னு கேட்டு வந்தவங்களப் பாத்திருக்கேன். உறையக் கூடாதுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

"அவ டீச்சர். முப்பது வருஷம் பொண்ணுங்களுக்கு சயின்ஸ் நடத்துனவ," என்றார் மிஜ்பில், பெருமையாக. "அவ கேக்கறான்னா அதுல ஒரு காரணம் இருக்கும்."

காரணம் இருந்தது. அதை நான் நான்கு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட.

குவைத்தில் நவம்பர் பாதியில் கூடாரக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மற்றவர்கள் வெள்ளி, சனி இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மிஜ்பில் அப்படிப்பட்டவர் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மார்ச்சில் கூடாரத்தைப் பிரிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் சால்மி பாலைவனத்தில்தான். துணி துவைக்க மட்டும் வீட்டுக்கு வருவோம்.

அந்த மனிதர் நான்கு குளிர்காலமாக வீட்டிலேயே இருக்கிறார். எங்கள் தீவானியாவில், அதாவது ஆண்கள் கூடிப் பேசும் முன்னறையில், நண்பர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார். யாராவது "நேத்து சால்மியில நல்ல மழை" என்றால் போதும், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், மண் எத்தனை விரற்கடை நனைந்தது என்று துருவித் துருவிக் கேட்பார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். ஏனென்றால் அவரை வீட்டில் உட்கார வைத்தது நான்.

எங்களுக்குக் கல்யாணம் ஆன குளிர்காலத்தில் ஃபிரிட்ஜாவது ஒன்றாவது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஐஸ் ஃபாக்டரியில் ஒரு கட்டி வாங்குவார்கள். என் உயரத்துக்கு இருக்கும். சாக்கில் சுற்றிப் பிக்அப்பில் போட்டுக்கொண்டு வந்து, ரம்பத்தால் அறுத்து, சிவப்பு நிற ஐஸ் பெட்டிக்குள் இறக்குவார்கள். மோர், தக்காளி, இறைச்சி எல்லாம் அதற்குள்தான். நான்காம் நாள் பெட்டிக்குள் வெறும் தண்ணீர்தான் இருக்கும். அதில் தக்காளி மிதந்துகொண்டிருக்கும். யாராவது ஊருக்குள் போய் வந்தால், அவர் கொண்டு வருகிற புது ஐஸுக்காக ஆண்கள் கூடாரத்துக்கு வெளியே வந்து நின்று வழி பார்ப்பார்கள்.

கூடாரம் ஆட்டுமுடியில் நெய்தது, நீளமானது. நடுவில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட கம்பளித் திரை. திரைக்கு முன்பக்கம் ஆண்கள், விருந்தாளிகள், காப்பி. பின்பக்கம் நாங்கள் பெண்கள். எனக்கு வயது இருபது. மாமியாரும் இரண்டு நாத்தனார்களும் கூடவே இருந்தார்கள். புதுப் புருஷனோடு தனியாக நாலு வார்த்தை பேச வழி இல்லை.

மிஜ்பில் ஒரு வழி கண்டுபிடித்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று இருமுவார். "தீப்பெட்டி இருக்கா?" என்பார். நான் எடுத்துக்கொண்டு போய் நீட்டினால், தீப்பெட்டியை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொள்வார். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுவிட்டு வந்திருப்பார், கை ஜில்லென்று இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை இது நடக்கும். முன்பக்கம் அவருடைய உயிர் நண்பர் சனத் உட்கார்ந்துகொண்டு குரல் கொடுப்பார்.

"என்னப்பா மிஜ்பில், மறுபடியும் தீப்பெட்டி தீந்துபோச்சா?"

எல்லோரும் சிரிப்பார்கள். என் மாமியார் ஒன்றும் காதில் விழாதவர்போல் மாவு பிசைவார். அந்த வாரம் மிஜ்பிலின் அங்கியைத் துவைக்கப் போட்டபோது பையைத் தடவினேன். உள்ளே இரண்டு தீப்பெட்டி, குச்சி குறையாமல் முழுசாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முகம் சூடாகிவிடும். அந்தக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் என் ஓய்வூதியம் முழுக்கத் தூக்கிக் கொடுத்துவிடுவேன்.

பிறகு பிள்ளைகள், பள்ளிக்கூடம், அவருக்குச் சர்க்கரை, மாத்திரை, அப்புறம் ஊசி என்று வருடங்கள் போயின. நாங்கள் கூடாரத்தை மட்டும் விடவில்லை. அந்தச் சிவப்புப் பெட்டியையும் விடவில்லை. அதனால்தான் வினை வந்தது.

நான்கு வருடத்துக்கு முன், மார்ச் முதல் வாரம். வெயில் ஏறிவிட்டது. பகலில் கூடாரத்துக்குள் இருக்க முடியவில்லை. இந்தச் சூட்டில் அவருடைய இன்சுலின் பேனாக்கள் கெட்டுவிடுமே என்று எனக்கு ஒரே கவலை. அன்று காலைதான் சனத் ஃபாக்டரியிலிருந்து புது ஐஸ் கொண்டு வந்திருந்தார். எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, எல்லாப் பேனாவையும் என் முக்காட்டுத் துணியில் பொதிந்து ஐஸுக்கு நடுவில் புதைத்து வைத்தேன். இன்சுலின் ஒருமுறை உறைந்தால் அதோடு சரி. திரும்ப உருகிய பிறகு பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் மருந்தாக அதை நம்ப முடியாது. உறைநிலை பூஜ்யம் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். ஃபாக்டரி ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் சாப்பாட்டுக்கு முன்பே பேனாவை எடுத்துக் குளிர் போக வெளியில் வைத்து, வேளை தவறாமல் அதைத்தான் குத்திக்கொண்டார். மூன்றாம் நாள் வாந்தி எடுத்தார், மூச்சு வாங்கியது, கண் சொருகியது. சனத் பிக்அப்பில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். எப்படிப் பிழைத்தார் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். எங்கள் மகள் அனூத் ஒரு கிளினிக்கில் மருந்தாளர். அவள் அப்பாவைக் கேட்ட கேள்விக்கு, "ஊசி போட மறந்துட்டேம்மா. சீட்டு ஆடிட்டு இருந்தேன்," என்றார்.

அன்றிரவு நான் வீட்டுக்கு வந்து, பிக்அப்பிலேயே வந்துவிட்ட சிவப்புப் பெட்டியைக் கவிழ்த்தேன். காலையில் சனத் மாற்றியிருந்த புது ஐஸோடு ஒட்டிக்கொண்டு ஒரு பேனா வந்தது. பிடுங்கிக் குலுக்கினேன், உள்ளே மருந்து அசையவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மயக்கக் குழப்பத்தில் தான் மறந்துவிட்டதாக அவரே நம்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அனூத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஊசியை மறக்கிற ஆளைப் பாலைவனத்துக்கு அனுப்ப முடியாது. மருந்து விஷயத்தில் அவள் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சு இல்லை.

இந்த வருடம் அவர் குழந்தைபோல் நச்சரித்து நச்சரித்து அவளை இறங்கி வரச் செய்தார். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஜீப் பேட்டரியில் ஓடுகிற ஒரு ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும். அதை வீட்டு முற்றத்தில், ஜீப்பின் பின்பகுதிக்குள் வைத்து மூன்று நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். உள்ளே அவள் ஒரு வெப்பமானி வைப்பாள். அது ஏறின அளவையும் இறங்கின அளவையும் மறக்காமல் வைத்திருக்கும். இரண்டு டிகிரிக்குக் கீழேயோ எட்டுக்கு மேலேயோ போகாமல் இருந்தால் சால்மி. போனால் அந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது.

ஆகவே நாங்கள் ரகப்பின் கடையில் நின்றோம்.

"இது எவ்வளவு வெலை கம்மியா இருக்கு பாருங்க," என்று ஒரு மெல்லிய பெட்டியைக் காட்டினேன்.

"ஹாஜ்ஜா, உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். அது வெளிய இருக்கறத விட இருபது டிகிரி கொறைக்கும், அவ்வளவுதான். வெளிய நாப்பதுன்னா உள்ள இருபது."

அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது, பெட்டி பிடிக்கவில்லை. மறுபடி பதினெட்டு லிட்டருக்கு வந்தேன். அதில் நல்ல மோட்டார் இருந்தது, மேலே எண் தெரிந்தது.

"இதுல எத்தன மோர் பாட்டில் நிக்கும்?" என்றார் மிஜ்பில். "நாலு. அஞ்சாவதா வர்ற விருந்தாளி என்ன, என் மூஞ்சியப் பாத்துட்டுப் போவானா?"

"அஞ்சாவது ஆளு சனத்தா இருந்தா தாராளமாப் போகட்டும்."

"இதுல இன்னொரு வசதி இருக்கு," என்று ரகப் ஒரு சின்னச் சாவியை எடுத்து மூடியைப் பூட்டிக் காட்டினார். "யாரும் கை வைக்க முடியாது."

மிஜ்பிலின் முகம் மாறிவிட்டது. "கூடாரத்துல பூட்டா? என் பொட்டியில விருந்தாளி கை வைக்கக் கூடாதுன்னு பூட்டிட்டு உக்காந்திருக்கேன்னு சால்மி பூரா பேசறதுக்கா? உள்ள வை அத."

எங்கள் கூடாரத்துக்குக் கதவு கிடையாது. வழியோடு போகிறவன் இறங்கி வந்து உட்காருவான், காப்பி குடிப்பான், தாகம் எடுத்தால் தானே பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்வான். எடு என்று சொல்வதுகூட அவனை அந்நியனாக நடத்துகிற மாதிரி. இதை எகிப்துக்காரருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன். அரை மணி நேரம் இழுபறி நடந்து, முப்பத்தைந்து லிட்டரில் இரண்டு பேரும் சமாதானம் ஆனோம். அவருக்கு அது சின்னது, எனக்கு அது பெரியது. மேலே எண் காட்டும், பக்கத்தில் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பட்டன். நான்கு என்று நானே வைத்தேன்.

முற்றத்தில் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அனூத் உள்ளே தன் வெப்பமானியையும் தேதி முடிந்துபோன ஒரு பழைய இன்சுலின் பேனாவையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மிஜ்பில் ஐந்து வேளைத் தொழுகைக்கும் போகும்போதும் வரும்போதும் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பார்ப்பார். "நாலு," என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். கூடாரக் கயிறுகளை எடுத்து உதறிக் காயப் போட்டார். காப்பிக் கெண்டியைத் தானே தேய்த்தார். நாற்பது வயதில் பார்த்த மாதிரி ஒரு நடை அவருக்கு வந்துவிட்டது. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அனூத் வந்தாள். முற்றத்தில் அப்பாவும் நானும் நின்றோம். தீவானியாவில் இருந்து சனத்தும் எழுந்து வந்தார், என்ன நடக்கிறது என்று பார்க்க. அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு தண்ணீர் பாட்டில் நின்றது. அவற்றை விலக்கி வெப்பமானியை எடுத்தாள். பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

மைனஸ் ஏழு.

பிறகு அந்தப் பழைய பேனாவை எடுத்தாள். மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. குலுக்கினாள். மருந்து அசையவில்லை.

"இதுல யாரு கைய வச்சது?" என்றாள்.

சனத் தலைப்பாகையைச் சரிசெய்தார். "நாந்தாம்மா. மத்தியானம் உள்ள பத்துப் பேரு, தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு, பாட்டிலயெல்லாம் இதுல வச்சேன். புது ஃபிரிட்ஜாச்சே, எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்னு பட்டன அமுக்கினேன். நல்லாவே வேலை செய்யுது. அதுக்குள்ள மருந்து இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"மாமா, நீங்க அமுக்கலன்னா வேற யாராவது அமுக்குவாங்க. அதானே பிரச்சினை." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அவளுக்கு அவர் யுபா, நான் யுமா. "யுபா, இது நம்ம வீட்டு முற்றம். மூணே நாள். அங்க நாலு மாசம் இருக்கணும். அப்படியே நான் சரின்னு சொன்னாலும் நீங்க ஊசியையே மறக்கற ஆளு. அந்தப் பூட்டு வச்ச பொட்டி கடையில இருக்குன்னு யுமா சொன்னாங்களே. அத வாங்குங்க, சாவி யுமாகிட்ட இருக்கட்டும். அப்புறம் பாப்போம்."

"பூட்டு போட்டுத்தான் போகணும்னா நான் போகல," என்றார் மிஜ்பில்.

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, காயப் போட்டிருந்த கூடாரக் கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுருட்ட ஆரம்பித்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"அவர் மறக்கல," என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஊசிகூட அவர் மறக்கல. நாந்தான் பேனாவயெல்லாம் ஐஸுக்குள்ள பொதைச்சு வச்சேன். எல்லாம் உறைஞ்சுபோச்சு. அவர் செத்த மருந்தக் குத்திக்கிட்டு இருந்தாரு. பொட்டியக் கவுத்தப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் சொல்லல. டீச்சராச்சே, வெக்கம். உங்கப்பாவ வீட்டுல உக்கார வச்சுட்டு நான் நல்ல பேரோட இருந்தேன்."

அனூத் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். மிஜ்பில் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"இப்ப எதுக்கு இதெல்லாம்," என்றார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, மருந்து உறைஞ்சுதான்னு. எடுக்கறப்ப பேனாமேல ஐஸ் ஒட்டியிருந்தது எனக்கு ஞாபகம் வந்துச்சு. நீ வெளிய வராந்தாவுல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன. உன் மொகத்துல ரத்தமே இல்ல. பேனாவச் சுத்தியிருந்த துணி உன் முக்காடுன்னும் எனக்குத் தெரியும். நான் என்னன்னு சொல்றது? மறந்துட்டேன்னு சொன்னேன்."

"அன்னைக்குச் சொன்னீங்க, சரி. அப்புறம் ஏன் சொல்லல? நாலு குளிர்காலம் போச்சே."

"சொன்னா நீ கூடாரத்துக்கே வர மாட்ட. நீ இல்லாம எனக்கு அங்க என்ன வேலை?"

நான் அழுதேன். அறுபத்தொரு வயதில், முற்றத்தில், சனத்துக்கு முன்னால் நின்று அழுதேன். சனத் நல்ல மனுஷர், ஜீப்பின் டயரைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அனூத்துக்கு அழுகையை விடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "ரெண்டு பேரும் சேந்து நாலு வருஷம் என்னை முட்டாளாக்கி இருக்கீங்க. நான் இவர வில்லன் மாதிரி திட்டிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு," என்றேன்.

"எனக்கு இல்ல," என்றார் அவர்.

அவள் ஜீப்பின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த உறைந்த பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் ஆறிய பிறகு, "சரி, மறக்கறதுன்னு ஒண்ணு இல்ல. ஆனா கை வைக்கறது இருக்கே," என்றாள். "பூட்டும் வேண்டாம்னா என்னதான் பண்றது?"

சனத் நிமிர்ந்து, "இனிமே நான் தொட மாட்டேன்," என்று ஆரம்பித்தார். "நீங்க ஒருத்தரா மாமா?" என்று அவள் அடக்கினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே தீவானியாவுக்குத் திரும்பிப் போனார். நான் அவர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறவர். எங்கள் அடுக்களை எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. தீவானியாவைத் தாண்டி வீட்டுக்குள் ஒரு எட்டு எடுத்து வைத்ததில்லை. யாரும் தடுத்ததில்லை, பூட்டும் இல்லை. ஒரு துணித் திரைதான் தொங்குகிறது.

"ஃபிரிட்ஜ எதுக்கு ஆம்பளைங்க பக்கம் வைக்கணும்?" என்றேன். "என் பக்கம் வைக்கலாமே. திரைக்குப் பின்னாடி."

மிஜ்பில் கயிற்றைக் கீழே போட்டார்.

"திரையத் தாண்டி எந்த ஆம்பள வருவான்? பொம்பளைங்க வந்தா நான் அங்கயேதானே இருக்கேன், என்ன வேணுமோ நான் எடுத்துக் குடுக்கறேன். பூட்டுன்னு யாரும் சொல்ல முடியாது. மருந்தும் மோரும் என் கண்ணு முன்னாடி இருக்கும்."

"விருந்தாளிக்கு?" என்றார் அவர்.

"விருந்தாளிக்குச் செவப்புப் பொட்டி. ஃபாக்டரி ஐஸ். எவன் வேணாலும் எத்தன தடவ வேணாலும் கை விடட்டும். சனத் தலையக்கூட விடட்டும்."

அனூத் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னும் மூணு நாள்," என்றாள். "யுமாவோட ரூம்ல வச்சு, ஜீப்புல இருந்து வயர் இழுத்து ஓட்டிக் காட்டுங்க."

என் அறையில் மூன்று நாளும் எண் நான்கிலேயே நின்றது. இரண்டாவது தடவை அனூத் வந்தபோது வெப்பமானியைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு நான்கு மாதத்துக்கான பேனாக்களைக் கொண்டு வந்து தானே உள்ளே அடுக்கினாள்.

சால்மிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண் ஈரமாக இருந்தது. முதல் தூறலில் முளைத்த புல் அங்கங்கே பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. அவரும் சனத்தும் கூடாரத்தை எழுப்பினார்கள், ஒவ்வொரு முளைக்கும் ஒரு சண்டை. மாமியாரின் அந்தப் பழைய திரையை நான்தான் கட்டினேன். நூல் பிரிந்த இடங்களைப் போன வாரம் தைத்திருந்தேன். ஃபிரிட்ஜ் என் படுக்கைக்குப் பக்கத்தில், ஜீப்பிலிருந்து நீண்டு வந்த வயரோடு, மெல்ல ரீங்காரம் போட்டது. முன்பக்கம் சிவப்புப் பெட்டி. மூடியில் விழுந்த விரிசலை மிஜ்பில் டேப் போட்டு ஒட்டியிருந்தார். வழியில் ஐஸ் ஃபாக்டரியில் நிறுத்தி, கட்டியைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

சூரியன் இறங்குகிற நேரம் சாப்பாட்டுக்கு முன்னால் திரைக்குப் பின்னால் வந்தார். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன், ஊசியைப் போட்டுக்கொண்டார். எண்ணைப் பார்த்து, "நாலு," என்றார். திரும்பிப் போய் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு உருட்டுகிற சத்தமும் கேட்டது. எனக்கு எந்தப் பதற்றமும் இல்லை. நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"லுல்வா. உள்ள வரலாமா?"

இத்தனை வருடத்தில் எல்லோருக்கும் நான் உம்மு தாரி, அதாவது தாரியின் அம்மா ஆகிவிட்டேன், மூத்த பையன் பெயரைச் சொல்லித்தான் அவரும் கூப்பிடுவார். என் பெயர் எப்படி ஒலிக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"இப்பத்தானே ஊசி போட்டீங்க. அடுத்தது காலையிலதான்."

திரை விலகியது. அவர் உள்ளே வந்து ஃபிரிட்ஜின் மேல் குனிந்து பெரிய அக்கறையோடு எண்ணைப் பார்த்தார்.

"சரியா ஓடுதான்னு பாக்க வந்தேன்."

"நாலு. அப்பவும் நாலு, இப்பவும் நாலு."

முன்பக்கமிருந்து சனத்தின் குரல் வந்தது. வயதாகிக் கரகரத்துப் போயிருந்தது, ஆனால் அதே குரல்தான்.

"என்னப்பா மிஜ்பில், மறுபடியும் தீப்பெட்டி தீந்துபோச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். மிஜ்பில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் விரலைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது. சிவப்புப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"ஆமாண்டா, தீந்துபோச்சு," என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "கொஞ்ச நேரம் ஆகும்."